பட்டறைக் கேள்விகள்: கார் லிஃப்டில் லாச்சி (இழுப்பறை) போடலாமா?

கேள்வி: அண்ணே வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் இருபது அடி டெரஸ் வீடு எங்களுடையது. அப்பா 1986-இல் வாங்கிய புரோட்டோன் சாகா காரை விற்க மனசு வரவில்லை, தினமும் வேலைக்குப் போவதோ பெரோடுவா மைவி காரில். இரண்டுக்கும் இடம் பற்றாமல் போன வருஷம் போர்ச் கூரையைப் பதினொன்றரை அடிக்கு உயர்த்தி நாலு தூண் லிஃப்ட் போட்டோம். சாகா மேலே, மைவி கீழே. இப்போது ஸ்டோர் ரூமுக்குள் கால் வைக்க முடியவில்லை. தைப்பூசக் காவடி, தீபாவளி விளக்குகள், மடக்கு நாற்காலி, ஏணி என்று எல்லாம் அங்கேதான். லிஃப்டில் டயர் ஏறுகிற இரண்டு தடங்களுக்கு நடுவில் மூன்றடிக்கு மேல் இடம் சும்மாதானே கிடக்கிறது, அதில் தட்டு அடித்து, வேண்டும்போது லாச்சி மாதிரி இழுத்து, வேண்டாதபோது உள்ளே தள்ளிவிடுகிற மாதிரி செய்யலாமா? மச்சானுக்கு வெல்டிங் தெரியும், ஒரே நாளில் அடித்துத் தருகிறேன் என்கிறார். வெயிட் தாங்குமா என்பதுதான் எனக்குப் பயம்.
— செந்தூல் வாசகர்

பதில்: முதலில் மச்சானுடைய வெல்டிங் மெஷினைப் பிளக்கிலிருந்து கழற்றச் சொல்லுங்கள் தம்பி. மற்றதை அப்புறம் பேசலாம்.

வெயிட் பயத்தை உடனே தீர்த்துவிடுகிறேன். வீட்டுக்கு வருகிற நாலு தூண் லிஃப்ட் பெரும்பாலும் 8,000 பவுண்டு, அதாவது 3.6 டன் தாங்கும். மோட்டார் இருக்கும் தூணில் ஒரு தகடு ஒட்டியிருக்கும், உங்களுடையது எவ்வளவு என்று அதில் பாருங்கள். அந்தக் காலத்து சாகா 1 டன்னைத் தொடாது. மீதி இரண்டரை டன் இருக்கிறது. காவடி, நாற்காலி, ஏணி, அதோடு தட்டின் சொந்த எடை எல்லாவற்றையும் அள்ளிப் போட்டாலும் 300 கிலோ வருமா? வராது. ஆக வெயிட் உங்கள் பிரச்சினையே இல்லை. இந்த விஷயமாக எனக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் வெயிட்டைத்தான் கேட்கிறார்கள், லிஃப்ட் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தத் தட்டு எங்கே இருக்கும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆளைக் கொல்வது இரண்டாவதுதான்.

சரி, முதலில் இடம். இன்று சாயங்காலம் ஒரு டேப் எடுத்து அளந்து பாருங்கள். தடத்தின் மேல்பரப்பிலிருந்து சாகாவின் அடிவயிறு வரை ஏறக்குறைய 15 செ.மீ. இருக்கும், தடத்தின் கனம் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்த்து 27. அதில் தட்டும் அதன் சட்டமும் 4 செ.மீ. தின்றுவிடும். மிச்சம் 23 செ.மீ., சரியாக ஒரு சாண். மேலே கார் நிற்கும்வரை உங்கள் கையில் இருக்கிற உயரம் அந்த ஒரு சாண்தான், நீள அகலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் சரி. தட்டைத் தடத்துக்குக் கீழே தொங்கவிடலாமே என்று மச்சான் சொல்வார். சொல்லட்டும். மைவியின் உயரம் 1.515 மீட்டர், லிஃப்ட் உச்சியில் நிற்கும்போது தடத்துக்குக் கீழே 1.8 மீட்டர் அளவில்தான் இருக்கும், இப்போதே மைவியின் பின்கதவை முழுசாகத் திறக்க முடியாமல் நீங்கள் குனிந்துகொண்டுதான் அரிசி மூட்டையை இறக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் இன்னும் ஒரு சாண் இறக்கினால் முதல் வாரமே யாராவது நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வருவார்கள்.

அப்படியென்றால் ஒரு சாணுக்குள் அடங்குவதை மட்டும் வையுங்கள். மடக்கு நாற்காலியைப் படுக்கவைத்தால் அடங்கும், ஏணி அடங்கும், பந்தல் குழாய்கள், விளக்குச் சரம் எல்லாம் அடங்கும். காவடியின் அலுமினியச் சட்டத்தைக் கழற்றி வைக்கலாம். மயில் தோகையை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள், துணி, காகிதம், பிளாஸ்டிக் பெட்டி எதையுமே வேண்டாம். ஓடிவந்த காரின் அடியில் புகைக்குழாய் எப்படிச் சுடும் என்று தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உங்கள் சாகாவில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்கிற பாகம்) கிடையாது, ஆனால் நாளைக்கே மைவியை மேலே ஏற்றமாட்டீர்கள் என்று என்ன நிச்சயம்? அந்தக் கன்வெர்ட்டர் வேலை செய்யும்போது உள்ளே 400 டிகிரிக்கு மேல் போகும், காய்ந்த புல்லின் மேல் நிறுத்திய கார் தீப்பிடிப்பது இதனால்தான். புகைக்குழாய் போகிற வரிசைக்குக் கீழே தட்டைக் காலியாக விடுங்கள், அல்லது சாமானுக்கு மேல் ஒரு அலுமினியத் தகட்டை இடைவெளி விட்டுப் பிடியுங்கள். அப்புறம் எண்ணெய். நாற்பது வருஷத்துக் கார் சொட்டாது என்று சத்தியம் செய்பவரை நான் நம்பமாட்டேன். தகட்டின் ஓரத்தை இரண்டு செ.மீ. மேலே மடித்துவிட்டால் அதுவே எண்ணெய் பிடிக்கும் தட்டாகவும் ஆகிவிடும்.

இப்போது தட்டை எதில் உட்கார வைப்பது என்பது. கீழே குனிந்து தடத்தின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், நீளத்துக்கும் ஒரு மடிப்பு விளிம்பு ஓடும். நடுவில் வைத்துக் காரைத் தூக்குகிற ஜாக் தட்டு உருள்வதற்காகக் கம்பெனிக்காரன் போட்டுக்கொடுத்த தண்டவாளம் அது. உங்கள் லாச்சிக்கு அதுவே போதும். துளை வேண்டாம், வெல்டிங் வேண்டவே வேண்டாம். ஏனென்றால் அந்த இரண்டு தடங்களில் ஒன்றின் வயிற்றுக்குள்தான் ஹைட்ராலிக் சிலிண்டர் படுத்திருக்கிறது, நாலு தூணுக்கும் போகிற எஃகு கேபிள்கள் அதன் பக்கத்தில் உருளைகள் வழியாக ஓடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் தகடு. டிரில் முனை உள்ளே போய்க் கேபிளின் இரண்டு இழையைக் கடித்தால் உங்களுக்குச் சத்தம்கூடக் கேட்காது. வெல்டிங் மின்சாரம் கேபிள் வழியாகவோ உருளைப் பேரிங் வழியாகவோ போனால் அதுவும் அப்படித்தான், அன்று ஒன்றும் ஆகாது, ஆறு மாதம் கழித்து ஒரு நாள் ஆகும். வாரண்டியும் அன்றோடு போச்சு. மச்சானின் கைத்திறமையைத் தட்டுச் சட்டத்தில் காட்டச் சொல்லுங்கள், பட்டறையிலோ வீட்டுக்குப் பின்னாலோ, லிஃப்டுக்குப் பத்தடி தள்ளி.

தட்டு ஒரே பெரியதாக வேண்டாம். மூன்றாக வெட்டிக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் 1.2 மீட்டர் நீளம் போதும். எங்கள் அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர், எதைச் செய்தாலும் ரயில் பெட்டி மாதிரி கொக்கி போட்டுக் கோத்துவிடுவார், இதற்கும் அந்த வழிதான் சரி. முதல் தட்டை இழுத்தால் இரண்டாவது பின்னால் வரும், கடைசியில் இருப்பதை எடுக்க யாரும் காருக்கு அடியில் தவழ வேண்டியதில்லை. சக்கரத்துக்கு நைலான் உருளை. பேரிங் உள்ள இரும்பு உருளை போட்டால் நம் ஊர் ஈரத்தில் இரண்டு மழைக்காலத்தில் கிறீச்சிட ஆரம்பிக்கும்.

தட்டு கடைசி முனையில் எவ்வளவு வெளியே வரும் என்பது உங்கள் லிஃப்டின் முனையில் இரண்டு தடங்களையும் தாங்குகிற குறுக்குத் தண்டைப் பொறுத்தது. தண்டு தட்டு உட்காரும் அந்த மடிப்பு விளிம்புக்குக் கீழே தாழ்ந்திருந்தால் தட்டு அதன்மேல் உருண்டு வெளியே வந்துவிடும். சமமாகவோ உயரமாகவோ இருந்தால் தட்டு தண்டில் முட்டி நிற்கும், அங்கிருந்து நீங்கள் கையால் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மோசமில்லை, நான் அதைத்தான் விரும்புவேன். வெளியே வரவைப்பதானால் ஒரு கணக்கு இருக்கிறது. பிள்ளைகள் விளையாடுகிற ஏற்றப்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள், முனைத் தண்டுதான் நடு அச்சு. தட்டு 80 செ.மீ. வெளியே நிற்கிறது, அந்தப் பகுதியின் நடுவில் 60 கிலோ நாற்காலி. உள்ளே 40 செ.மீ. வால் இருந்தால் அந்த வால் 60 கிலோ விசையோடு மேலே எழும்பப் பார்க்கும். வால் 20 செ.மீ. மட்டுமே என்றால் 120 கிலோ. வெறும் விளிம்பின் மேல் உருளை வைத்துவிட்டு மேலே எழும்புவதைத் தடுக்க ஒன்றும் போடாவிட்டால் மொத்தமும் குப்புறக் கவிழும், நாற்காலியோடு. அதனால் விளிம்புக்கு மேலே ஒரு உருளை, கீழே ஒரு உருளை என்று இரண்டும் விளிம்பைக் கவ்விப் பிடிக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருக்கும்போதே தட்டு நிற்கிற மாதிரி ஒரு தடுப்பு முளையும் வேண்டும்.

இனி நான் முதலில் சொன்ன விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் வீட்டிலேயே நடந்தது. என் லிஃப்டில் பக்கவாட்டில் இழுக்கிற தட்டு ஒன்று போட்டிருந்தேன், நானே அடித்தது, ரொம்பப் பெருமை. ஒரு ராத்திரி நல்ல மழை, மேலே இருந்த காரை இறக்கவேண்டி வந்தது, பூட்டு லீவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறக்கும் லீவரை அழுத்துகிறேன். போர்ச் விளக்கு மங்கல். தட்டு அரையடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கீழே மகனின் கப்சாய் மோட்டார் சைக்கிள், அந்தப் பழைய ஹோண்டா இஎக்ஸ்5, சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. தட்டின் முனை அதன் சீட்டில் உட்கார்ந்தது. அந்த ஒரு மூலை அங்கேயே நின்றுவிட்டது, மற்ற மூன்று மூலையும் இறங்கிக்கொண்டே போகின்றன. நான் கேட்டது ‘டொங்’ என்று ஒரே சத்தம், அந்தத் தூணின் கேபிள் தளர்ந்து ஆடியது. கேபிள் தளர்ந்தால் தானாகக் கவ்வுகிற இரண்டாவது பூட்டு என் லிஃப்டில் இருந்தது, அது பிடித்துக்கொண்டது. இல்லாவிட்டால் கேபிள் உருளையை விட்டுத் துள்ளியிருக்கும், மைவி அளவுக் கார் ஒன்று சாய்ந்த தடத்தில் உருண்டு என் பக்கம் வந்திருக்கும். கையை எடுத்துவிட்டு அப்படியே நின்றேன். பத்து நிமிஷம் கழித்துத்தான் மேலேற்றும் பொத்தானைத் தொட மனசு வந்தது. மறுநாள் நாலு கேபிளையும் இன்ச் இன்ச்சாகத் துடைத்துப் பார்த்தோம், ஒன்றை மாற்றினோம். கப்சாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, சீட் மட்டும் கிழிந்தது. அவன் இன்னும் என்னிடம் சீட் காசு கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இதைக் கேட்டவுடன் கொஞ்சம் எலக்ட்ரிக் தெரிந்தவர்கள் ஒன்று சொல்வார்கள்: தட்டு வெளியே இருந்தால் கரண்ட் போகாதபடி ஒரு லிமிட் சுவிட்ச் போட்டுவிடு, முடிந்தது. முடியவில்லை. மோட்டார் ஓடுவது மேலே ஏற்றும்போது மட்டும்தான். இறங்குவது காரின் சொந்த எடையில், எண்ணெய் வால்வைக் கையால் திறந்துவிடுவதால். வீடு முழுக்கக் கரண்ட் இல்லாவிட்டாலும் வால்வு திறக்கும். அந்த சுவிட்ச் ஏறும் வழியைக் காக்கும், இறங்கும் வழியைத் தொடாது. நான் மாட்டிக்கொண்டது இறங்கும் வழியில்தான்.

கடைசியில் நான் செய்தது ரொம்பச் சாதாரண வேலை. சில பூட்டுகள் இருக்கின்றன, பூட்டினால்தான் சாவியை உருவ முடியும், திறந்திருக்கும்போது சாவி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஹார்ட்வேர் கடையில் அப்படிக் கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். ஒரே சாவியில் திறக்கிற மாதிரி அதில் இரண்டு வாங்கினேன். ஒன்று தட்டுக்கு, உள்ளே தள்ளியபின் போடுவது. இன்னொன்று இறக்கும் லீவருக்கு. சாவி ஒன்றே ஒன்று, மாற்றுச் சாவியை என் மனைவியிடம் கொடுத்து எங்கே வைத்தாய் என்று எனக்கே சொல்லாதே என்று சொல்லிவிட்டேன். தட்டு வெளியே இருந்தால் சாவி தட்டுப் பூட்டில் மாட்டியிருக்கும், லீவரைத் திறக்க முடியாது. லீவர் திறந்திருந்தால் சாவி அங்கே இருக்கும், தட்டை இழுக்க முடியாது. மழையோ இருட்டோ தூக்கக் கலக்கமோ, எதுவும் இதை ஏமாற்ற முடியாது.

ஆகவே வேலை நடக்கும் வரிசை இது: மைவியை வெளியே எடுங்கள். லிஃப்டை உங்கள் இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள். தூணில் லிஃப்டைத் தாங்கிப் பிடிக்கிற பூட்டுப் பல்லில் உட்காரும்வரை விடுங்கள், நாலு தூணிலும் போய்ப் பாருங்கள், மூன்று உட்கார்ந்து ஒன்று கேபிளில் தொங்கிக்கொண்டிருப்பது ரொம்ப சகஜம். அப்புறம் லீவரைப் பூட்டிச் சாவியை எடுத்துத் தட்டைத் திறங்கள். ஏணி போட்டு மேலே ஏறி எடுக்கிற கதையே வேண்டாம். காவடிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, விளக்குக்கு ஒரு தடவை, இவ்வளவு மெனக்கெடலாம். வாரம் ஒருமுறை எடுக்கிற சாமானுக்கு இந்த இடம் லாயக்கில்லை. அதற்கு ஒரு இரும்பு அலமாரி வாங்கிச் சுவரில் அடியுங்கள்.

கேள்வி: பினாங்கில் தஞ்சோங் தொக்கோங் பக்கம் வீடு, கடல் காற்று வீட்டுக்குள்ளேயே வரும். லிஃப்ட் தட்டுக்குப் பிளைவுட் போதுமா, அலுமினியம் போடவா? கடைக்காரர் இரும்புச் செக்கர் பிளேட்தான் கெட்டி என்கிறார்.
— பினாங்கு வாசகி

பதில்: கெட்டிதான் அம்மா, தூக்குகிறவர் யார் என்றும் கேட்டிருக்கலாம். எட்டுக்கு நாலு அடித் தகடு ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டால், 3 மில்லி இரும்பு ஏறக்குறைய 70 கிலோ, அதே அளவு அலுமினியச் செக்கர் பிளேட் 24 கிலோ, 18 மில்லி பிளைவுட் 35 கிலோ பக்கம். லிஃப்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, இழுத்துத் தள்ளுகிற உங்கள் முதுகுக்குத் தெரியும்.

உங்கள் இடத்துக்கு அலுமினியம்தான் என் ஓட்டு. ஒரு எச்சரிக்கை இருக்கிறது. அலுமினியமும் இரும்பும் நேராக ஒட்டிக்கொண்டு நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்க ஆரம்பிக்கும், பாட்டரிக்குள் நடக்கிற அதே வேலைதான். அதனால் இரண்டும் தொடுகிற இடமெல்லாம் ரப்பர் பட்டையோ நைலான் பட்டையோ வையுங்கள், ஸ்குரூ துருப்பிடிக்காத எஃகில் போடுங்கள், அதற்கடியிலும் ஒரு நைலான் வாஷர்.

பிளைவுட்டே வேண்டும் என்றால் மரைன் பிளைவுட் வாங்கி நாலு ஓரத்தையும் பெயின்ட்டில் குளிப்பாட்டுங்கள், தண்ணீர் நுழைவது ஓரத்தில்தான், முகத்தில் இல்லை. சும்மா பிளைவுட் வாங்கினால் ஈரத்தில் அப்பளம் மாதிரி உப்பும், கரையானுக்கும் விருந்து வைத்த மாதிரி ஆகும். எந்தத் தகடு போட்டாலும் தண்ணீர் வடிய நாலைந்து துளை விடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடல் காற்றில் தட்டுக்கு முன்னால் கெடப்போவது லிஃப்டின் கேபிள். மாதம் ஒருமுறை பழைய துணியால் கேபிளைத் துடையுங்கள், வெறும் கையால் தடவாதீர்கள். துணி எங்காவது மாட்டி நூல் பிரிந்தால் அங்கே ஒரு இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம், ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: கெப்போங்கில் இருக்கிறோம். இரண்டு மைவி. போர்ச் உயரம் பத்தடி. செந்தூல் நண்பர் மாதிரி மேலே ஒன்று கீழே ஒன்று, நடுவில் தட்டு என்று செய்ய முடியுமா?
— கெப்போங் வாசகர்

பதில்: முடியாது. 1.515-ஐ இரண்டால் பெருக்குங்கள், 3.03 மீட்டர். தடத்தின் கனம் 12 செ.மீ., இரண்டு காரின் கூரைக்கு மேலும் பத்துப் பத்து செ.மீ. காற்று. 3.35 வருகிறது, அது 11 அடி. உங்கள் பத்தடி 3.05 மீட்டர்தான். தட்டு தடத்தின் கனத்துக்குள்ளேயே அடங்குவதால் அதற்குத் தனி உயரம் வேண்டாம் என்பது ஒரு ஆறுதல். கூரையை உயர்த்துவதானால் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர் மன்றம்) அனுமதி முதலில், காண்ட்ராக்டர் அப்புறம். ‘எல்லாரும் சும்மாதான்லா செய்கிறார்கள்’ என்று சொல்லுகிற காண்ட்ராக்டரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அதோடு போர்ச் தரையில் டைல்ஸ் இருந்தால் தூண் வரப்போகும் நாலு இடத்திலும் ஒரு காசால் தட்டிப் பாருங்கள். ‘டொக்கு டொக்கு’ என்று பொள்ளலாகக் கேட்டால் அந்த டைல்ஸை எடுத்துவிட்டுக் காங்கிரீட்டில் உட்கார வையுங்கள். காங்கிரீட் குறைந்தது 4 அங்குலம் வேண்டும். லொங்காங் (சாக்கடை) மூடியின் மேல் ஒரு தூணை வைத்த வீட்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் 2021 டிசம்பர் வெள்ளத்தில் காரையும் இழந்தோம், பத்திரங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்களையும் இழந்தோம். இப்போது லிஃப்ட் போட யோசிக்கிறோம். வெள்ளம் வந்தால் கார் மேலே, முக்கியமான பெட்டிகள் தட்டில். இது உதவுமா?
— ஸ்ரீ மூடா வாசகர்

பதில்: அந்த வெள்ளத்துக்கு அடுத்த வாரம் உங்கள் தாமானுக்குச் சுத்தம் செய்ய வந்தவர்களில் நானும் ஒருவன், மாடி வீடுகளின் கீழ்த்தளத்துச் சுவரில் சேற்றுக்கோடு எங்கே இருந்தது என்று இன்னும் கண்ணில் நிற்கிறது. தலைக்கு மேலே. அதனால் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

லிஃப்ட் உதவும், தண்ணீர் வருவதற்கு முன்னால் ஏற்றினால். மோட்டார் பெட்டியைத் தூணில் எவ்வளவு உயரத்தில் மாட்ட முடியுமோ அவ்வளவு உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள், பிளக் பாயிண்டும் அப்படியே. பதிவு பெற்ற வயர்மேனை வைத்து லிஃப்டுக்குத் தனி லைன் இழுங்கள், வாஷிங் மெஷின் பிளக்கில் சொருகாதீர்கள். ஒருமுறை ஏற்றிப் பூட்டுப் பல்லில் உட்கார வைத்துவிட்டால் அதைப் பிடித்திருப்பது வெறும் எஃகு, கரண்டும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். ஆனால் இறக்குவதற்கு முதலில் கொஞ்சம் மேலே தூக்கிப் பல்லிலிருந்து விடுவிக்க வேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும். வெள்ளம் வடிந்து கரண்ட் வரும்வரை கார் அங்கேதான். இறக்குவதற்கு முன் கேபிள், உருளை எல்லாவற்றிலும் சேற்றைக் கழுவி ஒரு ஆளை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பத்திரங்களை லிஃப்ட் தட்டில் வைக்காதீர்கள். சூடும் எண்ணெயும் பற்றி மேலே எழுதியிருக்கிறேன், அதைவிட முக்கியம், வீட்டை விட்டு ஓடவேண்டிய நேரத்தில் கீழே நிற்கிற காரை நகர்த்தி லிஃப்டை இறக்கிச் சாவி தேடிக்கொண்டிருக்க முடியாது. அவை மாடியில், கதவுக்குப் பக்கத்தில், தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும். தட்டில் வைக்கலாம் என்றால் கேஸ் அடுப்பு வைக்கலாம், சிலிண்டர் கூடாது. மிக்சி, கிரைண்டரின் கல் எல்லாம் வைக்கலாம். அந்த வெள்ளத்தில் கிரைண்டர் போனதற்குத்தான் என் அக்கா இன்னும் அழுகிறாள், டிவி போனதற்கு இல்லை.

கேள்வி: ரிமோட்டை அழுத்தினால் தட்டு தானாக வெளியே வருகிற மாதிரி மோட்டார் போடலாமா? ஆட்டோ கேட் மோட்டார் ஒன்று பழையது இருக்கிறது.
— பூச்சோங் வாசகர்

பதில்: போடலாம். உங்கள் பேரன் அந்த ரிமோட்டை எங்கே வைத்து விளையாடுவான் என்று மட்டும் சொல்லுங்கள், அப்புறம் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, இவர் லிஃப்டைக் கீழே இறக்கி, நடுவில் தட்டு போட்டதிலிருந்து சாப்பிட்டுவிட்டு அதன்மேல் பாய் விரித்துப் படுத்துத் தூங்குகிறார். காற்று நன்றாக வருகிறதாம். கேட்டால் மூன்றரை டன் தாங்கும் என்கிறார். இது சரியா?
— பிரிக்பீல்ட்ஸ் வாசகி

பதில்: எடைக் கணக்கில் அவர் சொல்வது சரிதான் அம்மா. லிஃப்ட் தரையோடு தரையாக இருந்து, அந்தச் சாவி உங்கள் முந்தானையில் முடிந்திருந்தால் தூங்கட்டும். இடுப்பு உயரத்தில் என்றால் பாயைச் சுருட்டி உள்ளே கொண்டுபோய்விடுங்கள், ஆள் பின்னாலேயே வந்துவிடுவார்.